சைனஸ் சி.டி.: குறைந்த கதிர்வீச்சில் எடுக்க எந்த முறை நல்லது?

கேள்வி இதுதான். நாட்பட்ட சைனஸ் தொல்லைக்காக 15 வயது மகளுக்கு இ.என்.டி. மருத்துவர் சி.டி. பி.என்.எஸ். (மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ்களின் சி.டி. ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஸ்கேன் சென்டரில் “எங்களிடம் 128 ஸ்லைஸ், லோ டோஸ்” என்கிறார்கள். பல் மருத்துவமனையோடு சேர்ந்த இன்னொரு சென்டரில் “கோன் பீம் எடுங்கள், கதிர்வீச்சே இல்லாத மாதிரி” என்கிறார்கள். கோன் பீம் என்பது கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் சி.டி. வகை. எது உண்மையிலேயே குறைவு? கதிரைக் குறைத்தால் படம் கெட்டுப்போகாதா?

முதலில் நேரடியான பதில். அறுவை சிகிச்சை தேவையா, எங்கே அடைப்பு என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால், 100 கே.வி. (கதிரின் ஆற்றலைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) அல்லது அதற்கும் கீழே, குறைந்த எம்.ஏ.எஸ்.ஸில் (எவ்வளவு கதிர் என்பதைத் தீர்மானிக்கும் எண்) எடுக்கும் சாதாரண மல்டி ஸ்லைஸ் சி.டி.யே தாராளமாகப் போதும். டின் ஃபில்டர் (கதிரை வடிகட்டும் வெள்ளீயத் தகடு) வசதியுள்ள இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கோன் பீமும் மோசமில்லை. ஆனால் ‘கதிர்வீச்சே இல்லாத மாதிரி’ என்பது வெறும் விளம்பரப் பேச்சு. 128 ஸ்லைஸ் என்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்லைஸ் எண்ணிக்கை, அதாவது ஒரு சுற்றில் எடுக்கும் குறுக்குவெட்டுகளின் எண்ணிக்கை, வேகத்தைச் சொல்லும், கதிரைச் சொல்லாது. 16 ஸ்லைஸ் இயந்திரத்தில் சரியாக எடுத்த படத்தைவிட 128 ஸ்லைஸில் அலட்சியமாக எடுத்த படம் ஐந்தாறு மடங்கு கதிர் கொடுத்திருக்கலாம்.

சைனஸில் மட்டும் ஏன் இவ்வளவு குறைக்க முடிகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் ஒன்று உண்டு. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்த இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான் அது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. வீங்கிய சளிச்சவ்வு 30, 40 என்ற அளவில் இருக்கும். ஆக, காற்றுக்கும் சவ்வுக்கும் நடுவே ஆயிரம் எண் இடைவெளி. மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடைவெளி பத்து எண் அளவுக்குள் முடிந்துவிடும். கதிரைக் குறைத்தால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். ஸ்கேன் எடுக்கும் நாங்கள் அதை நாய்ஸ் என்போம். மூளைப் படத்தில் அந்த நாய்ஸ் 10 எண்ணைத் தொட்டாலே படிக்கச் சிரமம். சைனஸில் 50 வந்தாலும் காற்று காற்றாகத்தான் தெரியும், எலும்பு எலும்பாகத்தான் தெரியும்.

நாய்ஸ் ஏறும் விதமும் நமக்குச் சாதகம்தான். கதிரை நாலில் ஒன்றாக்கினால் நாய்ஸ் இரண்டு மடங்கு மட்டுமே ஆகும். பத்தில் ஒன்றாக்கினால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான் விலை.

இருந்தும் பல இடங்களில் சைனஸுக்கு அதிகக் கதிர் போவதற்குக் காரணம், சைனஸ் புரோட்டோகால் (ஸ்கேனுக்காக இயந்திரத்தில் போட்டுவைக்கும் கணக்கு) என்பதே தலை ஸ்கேன் புரோட்டோகாலின் நகலாக இருப்பதுதான். 120 கே.வி., 200-க்கு மேல் எம்.ஏ.எஸ். என்று மூளைக்குத் தேவையான கணக்கு அப்படியே சைனஸுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரத்தை நிறுவிய அன்று போட்டுக் கொடுத்ததை அதன்பின் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எம்.ஏ.எஸ்.ஸை 200-லிருந்து 50-க்கு இறக்கினால் கதிர் அதே விகிதத்தில் நாலில் ஒன்றாகும். கே.வி.யை 120-லிருந்து 100-க்கு இறக்கினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய அளவில் ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடலாம். இதற்குப் புது இயந்திரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். குறைந்த டோஸ் பற்றிய பேச்சு எல்லாம் புதுத் தொழில்நுட்பத்தைச் சுற்றியே நடப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பெரும்பகுதி லாபம் கன்சோலில் இரண்டு எண்ணை மாற்றுவதில் இருக்கிறது.

எண்ணை நீங்களே பார்க்கலாம். ஸ்கேன் முடிந்ததும் இயந்திரம் ஒரு டோஸ் பக்கம் தரும். படங்களைப் பதிந்து தரும் டிஸ்க் தட்டில் பெரும்பாலும் அது கடைசிப் படமாக இருக்கும். அதில் சி.டி.டி.ஐ. என்று மில்லிகிரேயில் ஓர் எண்ணும், டி.எல்.பி. என்று மில்லிகிரே-சென்டிமீட்டரில் ஓர் எண்ணும் இருக்கும். முதலாவது, ஒரு குறுக்குவெட்டுக்கு எவ்வளவு கதிர் என்பது. இரண்டாவது, அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது. பெரியவர்களுக்குத் தலைப்பகுதி என்றால் டி.எல்.பி.யை 0.0021-ஆல் பெருக்கினால் உடம்புக்கு எவ்வளவு கதிர் என்பது மில்லிசீவெர்ட்டில் கிடைக்கும். சைனஸ் சுமார் 14 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சி.டி.டி.ஐ. 25 என்று ஓடினால் டி.எல்.பி. 350, அதாவது 0.7 மில்லிசீவெர்ட் சொச்சம். சி.டி.டி.ஐ. 4 என்றால் டி.எல்.பி. 56, கதிர் 0.12. சி.டி.டி.ஐ. 1 என்றால் 0.03. உங்கள் மகளுக்கு 15 வயது என்பதால் பெரியவர்களின் கணக்கே கிட்டத்தட்டப் பொருந்தும். சின்னக் குழந்தைகளுக்குப் பெருக்கும் எண் பெரிது: 10 வயதுக்கு 0.0032, 5 வயதுக்கு 0.0040. அதே டி.எல்.பி. குழந்தையின் உடம்பில் அதிகமாகக் கணக்காகும் என்று பொருள்.

இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. சி.டி.டி.ஐ. எண் 16 சென்டிமீட்டர் தலை மாதிரியை வைத்தும் கணக்கிடப்படும், 32 சென்டிமீட்டர் உடல் மாதிரியை வைத்தும் கணக்கிடப்படும். சைனஸ் புரோட்டோகாலை உடல் வகையில் உருவாக்கியிருந்தால் திரையில் தெரியும் எண் ஏறக்குறைய பாதியாகக் காட்டும், உண்மைக் கதிர் குறையாமலேயே. டோஸ் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே 16 அல்லது 32 என்று போட்டிருக்கும். இரண்டு சென்டரின் எண்களை ஒப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், இயற்கையில் நாம் எல்லோரும் வாங்கும் கதிர் உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளிக் கடற்கரைகளில் அதைவிட அதிகம். ஆகவே பழைய முறையில் எடுத்த சைனஸ் சி.டி.கூட பீதியடைய வேண்டிய விஷயம் இல்லை. தேவையில்லாத கதிரை ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி, அதிலும் வளரும் வயதில்.

சரி, இப்போது தொழில்நுட்பங்களுக்கு வருவோம்.

ஐட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது கணினி படத்தை மறுபடி மறுபடி கணக்கிட்டு நாய்ஸைக் குறைக்கும் முறை. சீமென்ஸில் சஃபயர், அட்மயர், ஜி.இ.யில் ஏசிர், ஃபிலிப்ஸில் ஐடோஸ், கேனனில் எய்டர் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெயர். “எங்களிடம் ஐ.ஆர். இருக்கிறது, அதனால் லோ டோஸ்” என்று சொல்வார்கள். ஐ.ஆர். தானாகக் கதிரைக் குறைக்காது. அது குழாயிலிருந்து கதிர் வந்து முடிந்த பிறகு நடக்கும் கணக்கு. அது இருக்கிற தைரியத்தில் டெக்னீஷியனோ ரேடியாலஜிஸ்டோ எம்.ஏ.எஸ்.ஸை இறக்கினால்தான் டோஸ் குறையும். இறக்காவிட்டால் படம் வழுவழுப்பாக இருக்கும், கதிர் அதே கதிர்தான். ரொம்பத் தூக்கலாக வைத்தால் படம் மெழுகு பூசினாற்போல் ஆகி மெல்லிய எலும்பின் ஓரம் மங்கும். சைனஸுக்கு மிதமான அளவில், எலும்பின் ஓரத்தைக் கூர்மையாகக் காட்டும் கணக்கீட்டு அமைப்போடு (எலும்புக் கெர்னல்) வைப்பதே நல்லது. 2019 வாக்கில் அமெரிக்க அனுமதி பெற்று வந்த டீப் லேர்னிங் வகைகள், அதாவது ஜி.இ.யின் ட்ரூஃபிடெலிட்டி, கேனனின் ஏஸ் போன்றவை, அந்த மெழுகுத்தன்மையைப் பெருமளவு தவிர்க்கின்றன. ஆனால் சைனஸ் போன்ற சுலபமான வேலைக்கு அவை அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். வயிற்றுப் படத்தில்தான் அவற்றின் அருமை தெரியும்.

டின் ஃபில்டர் அப்படிப்பட்டது இல்லை. அது கதிரையே மாற்றுகிறது. எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிரில் குறைந்த ஆற்றல் உள்ள பகுதி, தோலிலும் திசுவிலும் உறிஞ்சப்பட்டு நின்றுவிடும். கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டரை எட்டாது, படத்துக்கும் உதவாது. குழாய்க்கு முன்னால் ஒரு வெள்ளீயத் தகட்டை வைத்தால் அந்தப் பகுதி அங்கேயே வடிகட்டப்படும். சீமென்ஸ் இயந்திரங்களில் எஸ்.என். 100 கே.வி. என்று வருவது இதுதான். சைனஸ், நுரையீரல் மாதிரிக் காற்றும் மற்றதும் எதிரெதிராக நிற்கும் இடங்களுக்கு இது மிகப் பொருத்தம். மில்லிசீவெர்ட்டில் நூறில் சில பங்கு, அதாவது 0.02 முதல் 0.05 வரை என்று சாதாரண மார்பு எக்ஸ்ரேயின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. குறை என்னவென்றால், சராசரி ஆற்றல் ஏறிவிடுவதால் அயோடின் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கு ஆகாது. மருந்தின் வெளிச்சம் குறைந்துவிடும். வெறும் சைனஸ் ஸ்கேனுக்கு மருந்து தேவையில்லை என்பதால் அந்தக் குறை இங்கே உறுத்தாது. எல்லா ஊரிலும் இந்த வசதி கிடைக்காது என்பதுதான் பிரச்சினை.

கோன் பீம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். நோயாளி பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார். கூம்பு வடிவக் கதிரும் ஒரு தட்டையான டிடெக்டரும் தலையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று வரும். எலும்பு மிக நுணுக்கமாகத் தெரியும். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்து, அது மேல்தாடை சைனஸுக்குள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதை அடிக்க ஆளில்லை. ஒரு பக்கம் மட்டும் சைனஸ், துர்நாற்றம் என்றால் பல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது நானும் கோன் பீமைத்தான் சொல்வேன்.

டோஸ் விஷயத்தில் கோன் பீம் என்பது ஒரே எண் இல்லை. இயந்திரத்தையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்து 0.03-இலும் இருக்கும், 0.2-ஐத் தாண்டியும் போகும். முகம் முழுக்க வரும் பெரிய பரப்பை வைத்தால் நன்றாகச் செய்த லோ டோஸ் சி.டி.யைவிடக் குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பரப்பைச் சின்னதாக வைத்தால் நெற்றி சைனஸ் வெட்டுப்பட்டுப் போகும். பல்லுக்காக வாங்கிய இயந்திரங்களில் இது அடிக்கடி நடக்கும். சுற்றி வர பத்து, இருபது நொடி ஆகும், அதற்குள் தலை அசைந்தால் மொத்தப் படமும் இரட்டையாகத் தெரியும். சி.டி. அதை ஒரு சில நொடிகளில் முடித்துவிடும். 15 வயதுப் பெண் அசையாமல் இருந்துவிடுவாள், 5 வயதுப் பையன் இருக்க மாட்டான். திரும்ப எடுத்தால் டோஸ் இரட்டிப்பு.

கோன் பீமின் பெரிய குறை மென்திசு. சிதறும் கதிர் அதிகம் என்பதால் அதில் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களை நம்ப முடியாது. சைனஸ் நிறைந்திருக்கிறது என்று சொல்லும். எதால் நிறைந்திருக்கிறது என்று சொல்லாது. நம் ஊரில் இது முக்கியமான விஷயம். வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் அதிகம். பூஞ்சைச் சளி கெட்டியாகி, சுற்றியுள்ள சவ்வைவிட அடர்த்தியாக, சி.டி.யில் மங்கலான வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்க்க மென்திசு விண்டோவில் (மென்திசுவின் வித்தியாசங்களைக் காட்டும் திரை அமைப்பு) படம் ஓரளவு சுத்தமாக இருக்க வேண்டும். கோன் பீமில் அது வராது. மிக மிகக் குறைந்த டோஸில் எடுத்த சி.டி.யிலும் நாய்ஸில் மூழ்கிவிடலாம். அதனால் மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி), கெட்டியான பச்சை-பழுப்புச் சளி, வாசனை தெரியவில்லை என்று மருத்துவர் பூஞ்சையைச் சந்தேகித்தால் 0.03 என்ற சாதனைக்கு ஆசைப்படாமல் 0.1, 0.2 என்ற நடுத்தர அளவில் எடுப்பது நல்லது.

கருப்புப் பூஞ்சை என்று 2021-இல் கோவிட் இரண்டாம் அலையில் எல்லோரும் கேள்விப்பட்ட மியூகோர் தொற்று, கண் வீக்கம், பார்வை மங்கல், முகத்தில் மரத்துப்போதல், ஒரு பக்கம் மட்டும் ரத்தத்தோடு சளி, கட்டி என்ற சந்தேகம் இவையெல்லாம் இருந்தால் இந்த லோ டோஸ் விவாதமே பொருந்தாது. அங்கே கண்குழியின் கொழுப்பு, சைனஸுக்குப் பின்னால் உள்ள கொழுப்பு கலங்கியிருக்கிறதா என்று பார்க்க முழு அளவு சி.டி.யும், மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். அந்த நேரத்தில் கதிரை மிச்சம் பிடிப்பது விவேகமில்லை.

“அப்படியானால் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே, கதிரே இல்லையே” என்று கேட்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் மெல்லிய எலும்பு தெரியாது. அறுவை மருத்துவருக்கு அதுதான் வரைபடம். இன்னொன்று, கெட்டியான பூஞ்சைச் சளி எம்.ஆர்.ஐ.யில் கன்னங்கரேலென்று காற்றைப் போலவே தெரியும். நிறைந்த சைனஸைச் சுத்தமான சைனஸ் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

மற்ற முறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழாய் இயந்திரங்களில் ஹை பிட்ச் என்ற முறையில் சைனஸ் முழுவதும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மயக்க மருந்து இல்லாமல் குழந்தைகளை எடுக்க அருமை. 16 சென்டிமீட்டர் அகல டிடெக்டர் உள்ளவை மேசையை நகர்த்தாமல் ஒரே சுற்றில் எடுக்கும். சுருள் முறையில் இரு முனையிலும் வீணாகப் போகும் கூடுதல் கதிர் அதில் இல்லை. ஃபோட்டான் கவுண்டிங் என்ற புது வகை 2021-இல் அமெரிக்க அனுமதி பெற்றது, 0.2 மில்லிமீட்டர் நுணுக்கத்தைக் குறைந்த கதிரிலேயே தருகிறது. விலை காரணமாக இன்னும் சில இடங்களில்தான் இருக்கிறது. உங்கள் மகளின் ஸ்கேனுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம். குப்புறப் படுக்க வைத்துக் கழுத்தை நிமிர்த்தி நேரடியாக கரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) எடுத்த காலமும் ஒன்று இருந்தது. பல்லில் அடைத்த வெள்ளிக் கலவை படம் முழுக்கக் கோடு போடும். சிலர் ஆக்சியல் ஒரு தடவை, கரோனல் ஒரு தடவை என்று இரண்டு முறை எடுப்பார்கள். இப்போது ஒரு தடவை மெல்லிய ஆக்சியல் (குறுக்குவெட்டு) எடுத்தால் கரோனலும் சஜிட்டலும் (பக்கவாட்டு வெட்டு) கணினியிலேயே கிடைக்கும். யாராவது இன்னமும் இரண்டு தடவை எடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

அறுவை மருத்துவர்களிடமிருந்து நியாயமான ஒரு எதிர்ப்பு வரும்: டோஸைக் குறைத்தால் ஆபத்தான எலும்புகள் தெரியுமா? மூக்கின் கூரையில், நுகர்ச்சி நரம்புக் குழிக்குப் பக்கச் சுவராக நிற்கும் எலும்பு சில இடங்களில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பதை கீராஸ் வகைப்பாட்டில் சொல்வார்கள்: 3 மில்லிமீட்டர் வரை முதல் வகை, 4 முதல் 7 இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. மூன்றாவது வகையில் கருவி தவறினால் மூளைநீர் ஒழுகும். கண்ணுக்கும், இரு கண்களுக்கு இடையில் இருக்கும் எத்மாய்டு சைனஸுக்கும் நடுவே உள்ள சுவரும் காகிதம்போல் மெல்லியது. இவற்றின் ஆழமும் போக்கும் குறைந்த டோஸிலும் நன்றாகவே தெரியும். தெரியாமல் போவது, அந்த எலும்பில் உண்மையிலேயே ஓட்டை இருக்கிறதா அல்லது நாய்ஸால் அப்படித் தெரிகிறதா என்ற வித்தியாசம். முழு டோஸிலும் இந்தச் சந்தேகம் ஓரளவு உண்டு, ஸ்லைஸ் தடிமன் காரணமாக. அதனால்தான் 0.6 மில்லிமீட்டர் வாக்கில் மெல்லிய ஸ்லைஸ் முக்கியம். முன்பு அறுவை செய்து அமைப்பே மாறிப்போனவர்களுக்கு நான் டோஸை ஒரு படி கூட்டித்தான் எடுப்பேன். முதல் தடவைக்காரர்களுக்குத் தேவையில்லை.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சைனஸ் ஸ்கேனில் கண் லென்ஸை விலக்கவே முடியாது, அது நடுவிலேயே இருக்கிறது. லென்ஸுக்குப் போகும் கதிர் ஏறக்குறைய சி.டி.டி.ஐ. எண்ணை ஒட்டியே இருக்கும்: பழைய முறையில் 20, 30 மில்லிகிரே; குறைந்த டோஸில் 4 அல்லது அதற்கும் கீழே. கண்புரை வரக்கூடிய அளவு என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் சொன்னது 500 மில்லிகிரே. ஒரு ஸ்கேனால் ஒன்றும் ஆகாது. பழைய முறையில் அடிக்கடி எடுத்துக்கொண்டே போனால்தான் கூட்டல் கவலை தரும். கண்மேல் கதிரைத் தடுக்கும் பிஸ்மத் உலோகப் பட்டை வைப்பதைவிட கே.வி.யையும் எம்.ஏ.எஸ்.ஸையும் குறைப்பதே சுத்தமான வழி. பட்டை படத்தையும் கெடுக்கும்.

இவ்வளவு குறைவாக சி.டி. எடுக்க முடிகிற காலத்தில் சைனஸ் எக்ஸ்ரேக்கு இன்னும் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. எத்மாய்டு சைனஸ் அதில் சரியாகத் தெரியாது, அடைப்பு எங்கே என்றும் தெரியாது. விலை குறைவு என்பது ஒன்றுதான் அதன் பக்கம்.

உங்கள் மகளுக்கு வருவோம். இப்போது சளி, காய்ச்சல் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணச் சளி பிடித்தவர்களை சி.டி. எடுத்துப் பார்த்த 1994-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சைனஸில் மாற்றம் தெரிந்தது. அதில் பெரும்பகுதி தானாகச் சரியாகிவிடுகிற விஷயம். 12 வாரத்துக்கு மேல் தொல்லை இருந்து, மூக்கு ஸ்பிரே உள்ளிட்ட மருந்தெல்லாம் பார்த்த பிறகு எடுக்கும் படம்தான் உருப்படியான பதில் தரும். ஸ்கேனுக்கு முன் மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு வரச் சொல்லுங்கள். சென்டரில் “லோ டோஸா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், “சைனஸுக்கு எத்தனை கே.வி.யில் எடுப்பீர்கள், வழக்கமாக சி.டி.டி.ஐ. எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். 100 கே.வி.யும் ஐந்துக்குக் கீழே ஓர் எண்ணும் பதிலாக வந்தால் தயங்காமல் எடுக்கலாம். கேள்வியே புரியாமல் முழித்தால் வேறு இடம் பாருங்கள்.

படத்தை வாங்கும்போது ஃபிலிமோடு நிற்காமல் மெல்லிய ஸ்லைஸ் முழுவதையும் தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேவிகேஷன் (ஸ்கேன் படத்தைக் கொண்டு கருவிக்கு வழிகாட்டும் முறை) வைத்து அறுவை செய்யும் மருத்துவர் பின்னால் வரக்கூடும் என்றால், மூக்கு நுனியும் நெற்றியும் காதுகளும் படத்துக்குள் வருமாறு எடுக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஃபிலிம் மட்டும் இருந்தால் அடுத்த மருத்துவர் மறுபடி ஒரு சி.டி. எழுதுவார், இத்தனை கவனமாக மிச்சம் பிடித்த கதிரெல்லாம் அதில் போய்விடும்.